நேரம் பத்தலை என்பது தப்பான டயக்னோசிஸ்

நான் நர்சிங் ஆசிரியை. முதல் வருஷப் பிள்ளைகளிடம் கேர் பிளான், அதாவது நோயாளிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்ற திட்டம், எழுதச் சொன்னால் பாதிப் பேர் நோயாளி முகத்தைப் பார்க்கும் முன்பே ‘நன்கு ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டும்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். முதலில் அசெஸ்மென்ட் (நோயாளியைப் பார்த்து விசாரிப்பது), அடுத்து டயக்னோசிஸ் (பிரச்சினை என்ன என்று கண்டுபிடிப்பது), அதற்கப்புறம்தானே பிளானிங் என்று சிவப்பு மையில் சுழித்துத் தருவேன். அதே நான் என் வீட்டு விஷயத்தில் பல வருஷமாக ‘நேரம் பத்தலை’ என்ற ஒரே டயக்னோசிஸை வைத்துக்கொண்டு டைம்டேபிள் டைம்டேபிளாகப் போட்டேன். எதுவும் ஒரு மாதம் தாண்டவில்லை. ஒரு இடத்துப் புத்தியை இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் வியாதி என்று புரியவே நாளாகிவிட்டது.

இதில் பெரிய தப்பு, ‘ஊழியம்’, அதாவது கடவுளுக்குச் செய்கிற சேவை, என்று யாராவது சொன்னதும் வாயை மூடிக்கொள்வது. நம் பக்கத்தில் இது சுலபமாக நடக்கும். ஈரோட்டில் பிரப் ரோடு என்ற பெயரே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி பெயர்தான். சர்ச்சும் ஆஸ்பத்திரியும் மிஷன் காலத்தில் சேர்ந்தே வளர்ந்தவை, அதனால் நர்ஸ் வேலையும் சபை வேலையும் நம் மனதில் ஒன்றாகவே கிடக்கின்றன. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி 10 மாணவிகளுக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். நான் முன்பு இருந்த ஒரு கல்லூரியில் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தனியாக வார்டுக்குக் கூட்டிப் போனேன். கேட்டதற்கு, “இதெல்லாம் ஊழியம் மாதிரிங்க சிஸ்டர்” என்றார்கள். ஆள் போடாததற்கு ஊழியம் என்று பெயரா? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். சபையிலும் அதே கதை, டீச்சர்தானே என்று ஞாயிறு பள்ளியும் பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கும் என் தலையில் வந்து விழுந்தன, நானும் சரி சரி என்று வாங்கிப்போட்டுக்கொண்டு பிரசங்க நேரத்தில் மடியில் மாணவிகளின் கேஸ் புக் (நோயாளிகளைப் பற்றி எழுதும் நோட்டு) திருத்தினேன்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. நோயாளி கேட்காமல் கட்டிலோரம் நின்று சத்தமாக ஜெபிப்பது, மாணவிகளையும் கூட நிற்க வைப்பது. இன்டர்னல் மார்க் போடுகிற ஆள் கூப்பிட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? மனதுக்குள் ஜெபித்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

வீட்டில் நான் செய்தது இன்னும் மோசம். வீட்டுக்காரர் பாத்திரம் கழுவினால் பக்கத்தில் நின்று பிராக்டிகல் பரீட்சை மாதிரி ஒவ்வொரு ஸ்டெப்பாகத் திருத்துவேன். அத்தைக்குச் சர்க்கரை, விருந்துக்குப் போன இடத்தில் கச்சாயம் என்கிற வெல்லப் பலகாரம் ஒன்றைக் கையில் எடுத்ததற்கு எல்லோர் முன்னாலும் டயட் வகுப்பு எடுத்துவிட்டேன். “ஏம் அம்மிணி, நீ மருமகளா வந்தியா, சூப்பர்வைசரா வந்தியா?” என்று கேட்டுவிட்டு ரெண்டு நாள் பேசவில்லை. நியாயம் அவர் பக்கம்தான், கச்சாயம் கூடாது என்பது வேறு.

பொழுதுபோக்கு விஷயத்தில் ஒன்றே ஒன்று: அதைக் காசாக்காதீர்கள். பிளம் கேக் ருசி பார்த்த தோழிகள் ஆர்டர் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அக்டோபரிலேயே திராட்சையும் பேரீச்சையும் ஊறப்போட்டு, டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து நடுராத்திரி வீட்டுக்கு வந்து கேக் சுடும் ஓவன் முன்னால் நின்றபோது, பிடித்த வேலை ஒன்று கைவிட்டுப் போனது தெரிந்தது. அடுத்த வருஷம் வீட்டுக்கு மட்டும் ரெண்டு கேக்.

இப்போது மொட்டை மாடியில் பைகளில் செடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், கேஸ் புக் முடியட்டும் என்று புடலை விதை காத்திருக்காது, அதனால் அந்த வார சனிக்கிழமை சாயங்காலத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். பந்தல் கட்டியது வீட்டுக்காரர். முடிச்சு ஒன்றுகூடச் சரியில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.