ஹூ, விச், தட்: எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது

"தி புக் தட் ஐ பாட் எஸ்டர்டே இஸ் குட்." இதில் 'தட்' இல்லாவிட்டாலும் வாக்கியம் சரிதான்: "தி புக் ஐ பாட் எஸ்டர்டே இஸ் குட்." பேச்சில் இப்படிச் சொல்வது மிகச் சாதாரணம். இதைப் பார்த்துவிட்டு, ஹூ, விச், தட் போன்ற ரிலேட்டிவ் ப்ரோனவுனை எங்கே வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் சிக்கல். "தி மேன் கேம் எஸ்டர்டே இஸ் மை அங்கிள்" என்று எழுதினால் அது தவறு. "தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே" என்றுதான் வர வேண்டும்.

காரணம் எளிது. ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு அடுத்து நேராக வினை வந்தால், அந்தப் பெயரே எழுவாய் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். "தி மேன் கேம் எஸ்டர்டே" என்றதும் வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைப்பார். பிறகு வரும் 'இஸ்' அவரைக் குழப்பிவிடும். "தி புக் ஐ பாட்" என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. 'புக்'கை அடுத்து 'ஐ' என்று புது எழுவாய் வந்ததுமே, இடையில் வேறொரு செய்தி நுழைகிறது என்று தெரிந்துவிடுகிறது.

ஆகவே ஹூ, விச், தட் இவற்றுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். வினை வந்தால் விடக்கூடாது. ஐ, வீ, மை பிரதர் என்று வேறொரு எழுவாய் வந்தால் விடலாம். நடுவில் 'ஆல்வேஸ்' மாதிரி ஒரு சொல் இருந்தால் அதைத் தாண்டிப் பாருங்கள். 'யாருடைய' என்ற பொருளில் வரும் 'ஹூஸ்' மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதை எப்போதுமே விட முடியாது.

நமக்கு இது தடுமாறுவதற்குத் தமிழின் அமைப்பே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழில் ரிலேட்டிவ் ப்ரோனவுனின் வேலையைப் பெரும்பாலும் பெயரெச்சமே செய்துவிடுகிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு வகைப் பெயர்களும் பெயரெச்சத்தைத் தொடரலாம் என்கிறது நன்னூல். வந்த பையன், எழுதிய பேனா, வாழ்ந்த வீடு, வந்த நாள், எழுதிய கடிதம் எல்லாம் ஒரே அச்சுதான். பையன் வந்தான், பேனாவால் எழுதினோம், வீட்டில் வாழ்ந்தோம் என்ற உறவை நாமே புரிந்துகொள்கிறோம். 'ஆல்', 'இல்' என்ற உருபுகள் பெயரெச்சத் தொடரில் மறைந்துவிடுகின்றன.

ஆங்கிலத்தில் அந்த உருபின் வேலையைச் செய்யும் ப்ரிபொசிஷன் அப்படி மறையாது. நாங்கள் குடியிருக்கும் வீடு என்பதை "தி ஹவுஸ் வீ லிவ்" என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. "தி ஹவுஸ் வீ லிவ் இன்" என்று கடைசியில் 'இன்' வர வேண்டும். அதேபோல் "தி பென் ஐ ரோட் வித்", "தி மேன் ஐ ஸ்போக் டு". ப்ரிபொசிஷனை முன்னால் வைத்து "தி ஹவுஸ் இன் விச் வீ லிவ்" என்றும் எழுதலாம். ஆனால் அப்போது 'விச்'சை விட முடியாது. "தி ஹவுஸ் இன் வீ லிவ்" என்று ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. காலத்துக்கும் காரணத்துக்கும் கொஞ்சம் தளர்வு உண்டு: "தி டே வீ கேம்", "தி ரீசன் ஐ கால்டு" இரண்டும் சரி.

இதற்கு நேர்மாறான தவறு, தேவையில்லாததைச் சேர்ப்பது. "தி புக் ஐ பாட் இட்" என்று எழுதுகிறார்கள். 'புக்' ஏற்கெனவே சொல்லியாயிற்று, 'இட்' வேண்டாம்.

அப்புறம் கமா. "மை பிரதர், ஹூம் யூ மெட் லாஸ்ட் வீக், இஸ் எ டாக்டர்." இங்கே அடுத்து 'யூ' என்று எழுவாய் வருகிறது, ஆனாலும் 'ஹூம்' இருந்தே ஆக வேண்டும். யார் என்று அடையாளம் காட்டாமல், கூடுதல் தகவலாக மட்டும் கமாக்களுக்குள் வரும் பகுதியில் எதையும் விடக்கூடாது. அங்கே 'தட்' போடுவதும் தவறு.

அடுத்தது, பாதியை விடுவது. "தி பாய் ஹூ இஸ் சிட்டிங் தேர் இஸ் மை சன்" என்பதில் 'ஹூ'வை மட்டும் எடுத்தால் வாக்கியம் உடைந்துவிடும். எடுப்பதென்றால் 'ஹூ இஸ்' இரண்டையும் சேர்த்து எடுங்கள்: "தி பாய் சிட்டிங் தேர் இஸ் மை சன்." "தி லெட்டர் விச் வாஸ் சென்ட் எஸ்டர்டே" என்பதும் இப்படியே "தி லெட்டர் சென்ட் எஸ்டர்டே" ஆகும். ஆனால் "தி பாய் ஹூ இஸ் டால்" என்பதை "தி பாய் டால்" ஆக்க முடியாது. அது "தி டால் பாய்" என்றுதான் மாறும்.

இலக்கணம் அனுமதித்தாலும் விடாமல் இருப்பதே நல்லது என்ற இடங்களும் உண்டு. மொழி உளவியலாளர் தாமஸ் பெவர் 1970இல் ஓர் எடுத்துக்காட்டு கொடுத்தார்: "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்." களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பது பொருள். இலக்கணப்படி சரியான வாக்கியம்தான். ஆனால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும், குதிரை ஓடியது என்று படித்துக்கொண்டு போய்க் கடைசிச் சொல்லில் தடுக்கி நிற்பார்கள். 'ஹார்ஸ்' பக்கத்தில் 'விச் வாஸ்' சேர்த்துப் பாருங்கள், தடுக்கல் போய்விடும். அலுவலகக் கடிதத்திலும் தேர்வுத் தாளிலும், வாக்கியம் நீளும்போது சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை எழுதியே விடுங்கள்.