சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) வாரப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பது எப்படி

வீடு விற்கிறீர்களா? "அழகான வீடு, அமைதியான இடம்" என்று எழுதிக் காசை வீணாக்காதீர்கள். முதல் வார்த்தையே இடமாக இருக்கட்டும்: யூனிட் 3, யூனிட் 7 என்று சாட்ஸ்வொர்த்தில் எந்தப் பகுதி என்பது. அப்புறம் படுக்கையறை எத்தனை, பின்னால் வாடகைக்கு விட அறை உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, ராண்டில் விலை எவ்வளவு. விலை போடாவிட்டால் நாள் முழுக்க வேடிக்கைக்குத்தான் போன் வரும். வீட்டு எண்ணை மட்டும் அச்சில் போட வேண்டாம், பார்க்க வருகிறவர்களுக்குப் போனில் சொன்னால் போதும். பத்திரிகை ஆங்கிலம் என்பதால் சுருக்கச் சொற்கள் நிறைய ஓடும், ஆனால் நம் பாட்டிக்கே புரியாத சுருக்கம் வேண்டாம்.

நன்றி அறிவிப்புதான் உண்மையில் கஷ்டம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவசரமாக எழுதினால் யார் பெயராவது விட்டுப்போகும். எங்கள் மாமா காரியத்துக்கு மூன்று நாள் சமையல்கட்டிலேயே நின்ற அத்தையின் பெயரை நான் விட்டுவிட்டேன், அடுத்த தீபாவளி வரை அவர் என்னிடம் பேசவில்லை! அதனால் பெயர்ப் பட்டியலே வேண்டாம். பூசாரி, பஜனைக் குழு, சமைத்தவர்கள், அக்கம்பக்கத்தார் என்று குழுவாகச் சொல்லிவிடுங்கள். இறந்தவரின் செல்லப்பெயரையும் சேருங்கள், இங்கே கவுண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி (முதலியார்) என்று ஒரே குடும்பப்பெயரில் எத்தனை பேர்! அச்சாகும் முன் சரிபார்க்க ஒரு மாதிரிப் படி கேட்டு வாங்கி, பெயரின் ஆங்கில எழுத்துகளையும் போன் எண்ணையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.