ஓர் ஆயுதச் சாலையின் பெயர் வரலாற்றைத் தேடுவது எப்படி?

ஆயுதச் சாலை ஒன்றின் வரலாற்றைத் தேடப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, இன்றைய பெயரை வைத்துக்கொண்டு பழைய ஆவணங்களைப் புரட்டுவதாகும். லண்டனின் தென்கிழக்கில் தேம்ஸ் நதிக்கரையில் அமைந்த வூல்விச் ராயல் ஆர்சனலை எடுத்துக்கொள்வோம். 1805-க்கு முந்தைய தாள்களில் அந்தப் பெயரைத் தேடினால் வெறுங்கையுடன்தான் திரும்ப வேண்டும். அதுவரை அந்த இடத்தை ‘வாரன்’ என்றே எழுதினார்கள்.

எனவே முதலில் நிலத்திலிருந்து தொடங்குங்கள். யாரிடமிருந்து வாங்கினார்கள், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதைக் கண்டறியுங்கள். இங்கிலாந்து அரசின் ஆயுத வாரியம் 1671-இல் ‘டவர் பிளேஸ்’ என்ற மாளிகையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் கையகப்படுத்தியது. அந்த நிலத்தில் முயல் வளர்க்கும் வளைகள் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் வாரன். பீரங்கியும் வெடிமருந்தும் வந்து குவிந்த பிறகும், நூறாண்டுகளுக்கு மேல், முயல் பெயரிலேயே அது வழங்கியது!

அடுத்து, ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் வேலைகள் தொடங்கிய ஆண்டுகளையும் மறுபக்கத்தில் பெயர்கள் மாறிய ஆண்டுகளையும் எழுதுங்கள். இரண்டும் அரிதாகவே ஒன்றோடொன்று பொருந்தும் என்பது என் அனுபவம். வூல்விச்சில் வெடிமருந்துக்கான ஆய்வுக்கூடம் 1690-களிலேயே வந்துவிட்டது. 1716-இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸில் இருந்த தனியார் வார்ப்பாலையில் பீரங்கி வார்க்கும்போது, ஈரம் காயாத அச்சில் உருகிய உலோகம் பட்டு, ஈரம் நொடியில் நீராவியாகி வெடித்ததில் பலர் மாண்டனர். அதன் விளைவாகவே அரசு தன் சொந்த வார்ப்பாலையை 1717-இல் வாரனில் கட்டத் தொடங்கியது. பெயர் மாறியதோ, இவையெல்லாம் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1805-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அங்கே வந்து சென்றபோதுதான். பெயர் சூட்டிய ஆண்டையே தொடங்கிய ஆண்டாக எழுதிவிடும் கட்டுரைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

கட்டடங்களின் பெயர்களையும் விடாதீர்கள். ஆவணத்தின் காலத்தைக் கணிக்க அவை உதவும். அங்குள்ள ‘டயல் ஸ்கொயர்’ கட்டடம் 1720 வாக்கில் எழுந்தது, ஆனால் அதன் வாயிலின் மேல் சூரியக் கடிகாரம் பொருத்தப்பட்டது 1764-இல். ‘டயல்’ என்பது அந்தக் கடிகாரத்தைக் குறிக்கும் சொல்; கடிகாரத்தால் வந்த பெயர் கடிகாரத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது.

‘ஆர்சனல்’ என்ற சொல்லின் வேரைத் தனியாகக் குறித்து வையுங்கள். ‘தொழில் நடக்கும் வீடு’ எனப் பொருள்படும் ‘தார் அஸ்-ஸினாஆ’ என்ற அரபுத் தொடர், மத்தியதரைக்கடல் துறைமுகங்களின் வழியே இத்தாலிய மொழிக்குள் புகுந்து, வெனிஸில் போர்க்கப்பல் கட்டும் தளத்தின் பெயராக நிலைத்து, பின்னர் ஆயுதம் செய்து சேமிக்கும் இடம் எதற்கும் பொதுச்சொல்லானது. இது சொல்லின் வரலாறே தவிர, வூல்விச்சின் வரலாறு அல்ல. இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்துவிட வேண்டாம்.

பெயர் வெளியே எங்கெல்லாம் சென்றது என்பதையும் தொடர வேண்டும். கல்கத்தாவுக்கு அருகிலிருந்த டம்டம் ஆயுதச் சாலையின் பெயர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், உடலில் பாய்ந்ததும் விரிந்துபோகும் தோட்டாவுக்கு ஒட்டிக்கொண்டது; அத்தகைய தோட்டாக்களை 1899-இன் ஹேக் பிரகடனம் தடைசெய்தது. வூல்விச்சிலோ, டயல் ஸ்கொயர் பட்டறைத் தொழிலாளர்கள் 1886-இல் தொடங்கிய கால்பந்துக் குழு, ஆலையின் பெயரை எடுத்துக்கொண்டு, 1913-இல் வடக்கு லண்டனின் ஹைபரிக்குக் குடிபெயர்ந்தது. வூல்விச் என்ற ஊர்ப்பெயர் கழன்றுவிழ, ஆர்சனல் மட்டும் மிஞ்சியது.

முடிவு ஆண்டைக் குறிக்கும்போதும் ஒன்றுக்கு இரண்டாகவே பாருங்கள். வூல்விச்சில் ஆயுத உற்பத்தி நின்றது 1967-இல். ராணுவம் அந்த இடத்தை முழுமையாக விட்டு வெளியேறியது 1994-இல்.