முதுகுல வாள் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு கம்பை எடுத்து டெஸ்ட் பண்ணுங்க

கேம் பண்றவங்க, மாட் பண்றவங்க (ஏற்கனவே இருக்கிற கேமை மாத்தி அமைக்கிறவங்க) எல்லாரும் கேரக்டர் கைக்கு வாள் வந்த உடனே அதை முதுகுல குறுக்கா மாட்டிடுறாங்க. பாக்க கெத்துதான், விட்சர் 3 கேம்ல ஹீரோ ஜெரால்ட் ரெண்டு வாளை அப்படித்தான் சுமந்துட்டு சுத்துறாரு, யாரும் கோவிச்சுக்கல. ஆனா ரியலா வேணும்னா ஒரு 80 சென்டிமீட்டர் கம்பு எடுங்க (ஒரு கையால பிடிக்கிற வாளோட அலகு கிட்டத்தட்ட அவ்ளோ நீளம்தான்), அது நுழையுற மாதிரி ஒரு அட்டைக் குழாயை முதுகுல கட்டிட்டு தோளுக்கு மேல கையைவிட்டு உருவிப் பாருங்க. கை முழுசா நீண்டுடும், கம்போட நுனி மட்டும் இன்னும் குழாய்க்குள்ளயே நிக்கும். திருப்பி சொருகுறது அதைவிட கொடுமை, குழாய் வாய் எங்க இருக்குன்னே தெரியல, நான் காதுலதான் குத்திக்கிட்டேன். முதுகுலதான் வேணும்னு அடம்பிடிச்சா உறையோட மேல்பாதில ஒரு பக்கம் திறந்த மாதிரி மாடல் பண்ணுங்க, வாள் பக்கவாட்டுல கழண்டு வந்துடும்.

இல்லன்னா பேசாம இடுப்புக்கு மாத்திடுங்க. வலது கைக்காரனுக்கு இடது பக்கம், நுனி பின்னாடி சாஞ்சு இருக்கணும், நேரா தொங்கவிட்டா நடக்கும்போது காலைத் தட்டும். உறைக்குன்னு தனி போன் (bone, 3D மாடலை அசைக்கிற எலும்பு) வெச்சு லேசா ஆடவிடுங்க. உருவும்போது இடது கை உறை வாயைப் பிடிக்கணும், உட்காரும்போதும் அதே கை உறையை ஒதுக்கணும், இந்த ரெண்டு அனிமேஷன் போட்டாலே பாதி கிளிப்பிங் (ஒரு பொருள் இன்னொண்ணுக்குள்ள ஊடுருவித் தெரியறது) போயிடும். ரோமன் சிப்பாய்னா வாள் வலது பக்கம், ஜப்பான் வாள் கட்டானான்னா வெட்டுற பக்கம் மேல பாத்து இடுப்புத்துணில சொருகியிருக்கும். ஆளுயர ரெண்டு கை வாளுக்கு உடம்புல இடமே தேடாதீங்க, ஈட்டி மாதிரி தோள்ல சாய்ச்சுட்டு நடக்கவிடுங்க.

முதுகுக்கு உண்மையிலேயே போற சாமான் கேடயம்தான். ஐரோப்பிய வீரர்கள் கேடயத்துல கழுத்தைச் சுத்தி வர்ற நீள தோல் வார் ஒண்ணு இருக்கும், அதுல மாட்டி முதுகுக்கு தள்ளிடுவாங்க. ஆனா நிறைய கேம்ல வாரே இல்லாம காந்தம் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது, பாக்கவே எரிச்சலா இருக்கும், வாரை வரைஞ்சுடுங்க ப்ளீஸ். வைக்கிங் வட்டக் கேடயம்னா முன்கைல கட்டுற பட்டை வேண்டாம், நடுவுல இரும்புக் குமிழ், அதுக்குப் பின்னாடி ஒரு பிடி, அவ்ளோதான். நார்வேல தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பல்ல இருந்த கேடயமெல்லாம் சுமார் 94 சென்டிமீட்டர் அகலம், அந்த சைஸை மாட்டிட்டு கேரக்டரை ஒரு தடவை கதவு வழியா நடக்கவிட்டு பாருங்க.

எடையும் கவனிங்க. ஒரு கை வாள் 1 கிலோவுல இருந்து 1.5 கிலோதான், பாறையைத் தூக்குற மாதிரி சுத்தவிடாதீங்க. பெரிய கேடயம் அதைவிட கனம், அதனால ஸ்டாமினா (கேரக்டரோட தெம்பு) குறையணும்னா வாளுக்கு இல்ல, கேடயத்தைத் தூக்கிப் பிடிச்சுட்டே நிக்கிறவனுக்குத்தான் குறையணும்.