கிரேன் கால் புதைந்த கதை: என் அனுபவம்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சைட். ஐப்பசி மழைக்குப் பிறகு கிரேனை நிறுத்தினால், தூக்கத் தொடங்கியதும் ஒரு அவுட்ரிகர் கால் (கிரேன் சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால்) மட்டும் களிமண்ணில் இறங்கும். மட்டம் தவறும், வேலை நிற்கும். நான்கு நாள் இப்படியே போயிற்று.

முதலில் மூன்று லோடு ஜல்லி கொட்டினோம். களி அதை விழுங்கிவிட்டது. அப்புறம் 10 மி.மீ. இரும்புத் தகடு, ஒன்றரை மீட்டர் சதுரம். அதுவும் இறங்கியது.

தகட்டைக் கழுவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நடுவில் தட்டு போலக் குழிந்திருந்தது, ஓரங்கள் மேலே தூக்கியிருந்தன. ஓரத்து அடியில் களிமண் அழுந்தவே இல்லை. அதாவது பாரம் முழுத் தகட்டுக்கும் பரவவில்லை, நடுவில் மட்டுமே இறங்கியிருக்கிறது. அளவு பெரிதாக இருந்தால் போதாது, வளையாத தடிமனும் வேண்டும்.

கணக்குப் போட்டோம். ஒரு காலில் 20 டன். மண் அறிக்கைப்படி சதுர மீட்டருக்கு 6 டன்தான் தாங்கும். 2 மீட்டர் சதுரம், அதாவது 4 சதுர மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 5 டன், சரி. 150 மி.மீ. தடிமன் ஸ்லீப்பர் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கி, மேலே குறுக்காக இன்னொரு வரிசை போட்டு, கம்பியால் இறுக்கிக் கட்டினோம். அடியில் சேற்றை வழித்துவிட்டு ஜியோடெக்ஸ்டைல் (மண்ணுக்கு மேல் விரிக்கும் செயற்கை இழைத் துணி) விரித்தோம், இதை விட்டுவிடாதீர்கள். அன்று மாலை வரை கால் அசையவில்லை. பெரிய நிம்மதி.