பொலிஸார் வாகனத்தை மறித்தால் எப்படி நிறுத்துவது? கொழும்பின் புதிய சாரதிகளுக்கான செய்முறை

காலி வீதியிலோ பேஸ்லைன் வீதியிலோ போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் கைகாட்டி உங்கள் காரை மறித்தால், தண்டப்பணம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவதற்கு முன்பு, அவர் எங்கே நின்று உங்களோடு பேசப்போகிறார் என்பதை யோசியுங்கள். இங்கே சாரதி ஆசனம் வலப்பக்கம் இருப்பதால், உங்கள் யன்னலருகே வருபவர் ஓடும் வாகனங்களுக்கு முதுகைக் காட்டியபடி வீதியிலேயே நிற்க நேரிடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும் என்பதால், அவருக்கு விலக நேரம் இராது.

முதலில் இடப்பக்கச் சமிக்ஞை விளக்கைப் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, மெதுவாக ஓரம் கட்டுங்கள். பஸ் தரிப்பிடம், வளைவு, ஒழுங்கை வாசல் ஆகியவற்றைத் தவிருங்கள். அதற்காக, தப்பியோடுகிறீர்கள் என்று அவர் எண்ணுமளவுக்குத் தூரம் போய்விடாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில்தான். இடப்பக்கச் சில்லுகள் நடைபாதை விளிம்பை ஒட்டி நிற்கவேண்டும். இடைவெளி விட்டால், வெள்ளவத்தை நெரிசலில் ஒரு மோட்டார் சைக்கிள் அதற்குள் நுழைந்துவிடும். ஒட்டி நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, ஹசார்ட் விளக்குகளைப் போட்டு, இடப்பக்கக் கண்ணாடியை இறக்கி "சேர், இந்தப் பக்கம் வாங்கோ" என்று அழைத்தால், உத்தியோகத்தர் நடைபாதையில் நின்றே பேசலாம்.

கைகளை ஸ்டியரிங்கில் வையுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் கேட்டபின், எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். அமெரிக்காவில் துப்பாக்கிப் பயத்தால் சொல்லப்படும் அறிவுரை இது; கொழும்பில் அதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வரும் வாகனம் என்பதே என் கருத்து.

இரவில் முன்விளக்குகளை அணைத்து, சிறு விளக்குகளை மட்டும் எரியவிட்டு, உள்விளக்கைப் போடுங்கள். கண் கூசிய உத்தியோகத்தருக்கு எதிரே வரும் வாகனம் தெரியாது.

பத்திரங்களோடு இறங்கி ஓடுவது நம்மவர் வழக்கம். இறங்கச் சொன்னால் மட்டுமே இறங்குங்கள், அதுவும் பின்னால் பார்த்த பிறகு.

புறப்படும்போது அவசரப்படவேண்டாம். அடுத்த வாகனத்தை மறிக்க அவர் உங்கள் காரின் முன்னாலேயே வீதியில் இறங்கக்கூடும் என்பதால், அவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே வலப்பக்கச் சமிக்ஞையைப் போட்டு நகருங்கள்.