லவ் பேர்ட்ஸ் கூண்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ச் டேப்பை எடுங்கள்

கூண்டில் பறவை வளர்ப்பது சரியா தப்பா என்று யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருக்கும். நான் கேட்கிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: கடைக்குப் போகும்போது இன்ச் டேப் எடுத்துப் போங்கள். நம் ஊர்க் கடைகளில் ஒரு ஜோடி பறவையோடு சேர்த்துத் தலையில் கட்டும் கூண்டு பெரும்பாலும் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம்தான் இருக்கும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜி, அலகிலிருந்து வால் வரை 18 சென்டிமீட்டர்; இறக்கையை முழுசாக விரித்தால் கிட்டத்தட்ட ஒரு அடி. அதாவது அந்தக் கூண்டில் அது கையை நீட்டிச் சோம்பல் முறிக்கலாம், அவ்வளவுதான். கூண்டே தப்பா என்பதற்கு அப்புறம் வருவோம். இந்தக் கூண்டு தப்பு, அதில் பேச்சே இல்லை. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் ஒரு பிராணி அசைந்து நடமாட இடமில்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது.

சரி, எந்தப் பறவை? பச்சைக்கிளி கூடாது, இதில் பேரமே கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை அது; பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். "எங்க தாத்தா காலத்திலேர்ந்து வளர்க்கிறோம்" என்பது செல்லாது. 2023-ல் ஒரு சினிமா நகைச்சுவை நடிகர் வீட்டிலிருந்து இரண்டு பெருங்கிளிகளை வனத்துறை எடுத்துப்போய் இரண்டரை லட்சம் அபராதம் போட்டது நினைவிருக்கும். 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில், கடலூர் வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி என்று சீட்டெடுத்துக் கொடுத்த கிளியை ஜோசியரோடு சேர்த்துப் பிடித்தார்கள், கிளிக்கு அது ஜோசியத்தில் தெரியவில்லை போல. மதுரை மீனாட்சி கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே கூண்டுக் கிளிகளுக்கு அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கி வைத்திருந்தார்கள். கிளியும் கூண்டும் நமக்குப் பழகிப்போன படம், அதனால்தான் அதில் தப்பு இருப்பது கண்ணில் படுவதில்லை. மைனாவுக்கும், சந்தையில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் முக்கி விற்கும் சில்லைக் குருவிகளுக்கும் இதே கதைதான். அவை கூண்டில் பொரித்தவை அல்ல, எங்கோ வயலில் வலை போட்டுப் பிடித்தவை.

ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி இருந்தால் மொட்டை மாடியில் கொண்டுபோய்த் திறந்து விட்டுவிடாதீர்கள். இறக்கை வெட்டிய கிளியோ, வருஷக்கணக்காகப் பறக்காத கிளியோ எதிர் வீட்டு மதில் வரைகூடப் போய்ச் சேராது. பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து ஒப்படைக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். அவர்களாக வந்து எடுப்பதற்கும் நீங்களாகக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பட்ஜி, காக்டெயில், ஜீப்ரா ஃபின்ச் போன்றவை ஆஸ்திரேலியாப் பக்கத்து இனங்கள், பல தலைமுறையாகக் கூண்டிலேயே பொரித்து வளர்ந்தவை. இவற்றை வைத்திருக்கச் சட்டம் தடுக்கவில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் மாதிரி பெரிய வெளிநாட்டுக் கிளிகள் என்றால் 2024-ல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், சாம்பல் கிளி நாற்பது வருஷத்துக்கு மேலும் இருக்கும். ஐம்பது வயதில் வாங்கினால் உயிலில் அதற்கும் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். முதல் பறவையாக அதை வாங்குகிறவர்களை எனக்குப் புரிவதில்லை.

குஜராத் உயர்நீதிமன்றம் 2011-லும், டெல்லி உயர்நீதிமன்றம் 2015-லும் பறவைகளுக்கு வானத்தில் பறக்க உரிமை உண்டு என்ற பொருளில் சொல்லியிருக்கின்றன. படித்தபோது எனக்கும் சரியென்றுதான் பட்டது, படித்து முடித்துத் திரும்பினால் ஹாலில் இரண்டு பட்ஜி. அவற்றை எங்கே விடுவது? எங்கள் தெருவில் ஒருவர் ஆடி அமாவாசைக்குப் புண்ணியம் என்று ஆறு லவ் பேர்ட்ஸை வாங்கித் திறந்துவிட்டார்; மஞ்சளும் நீலமுமாக மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த அவற்றைக் காக்கைகள் முடித்துவைக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆக, புதிதாக வாங்காமல் இருப்பதுதான் உத்தமம் என்பது என் கட்சி. ஆனால் கூண்டில் பிறந்து ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்ட பறவைக்குத் தத்துவம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, இடம்தான் வேண்டும். இதற்கு மேல் எழுதுவதெல்லாம் அந்த இடத்தைப் பற்றித்தான்.

ஒரு ஜோடி பட்ஜிக்குக் குறைந்தது இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மூன்றடி நீளம் என்றால் இன்னும் நல்லது. உயரமான, கோபுரம் வைத்த, உருண்டையான கூண்டெல்லாம் ஹால் அழகுக்கு. பறவை ஹெலிகாப்டர் மாதிரி நேராக மேலே எழும்பாது, குறுக்கேதான் பறக்கும். கம்பி இடைவெளி அரை இன்ச்சுக்கு மேல் போனால் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். கடையில் இந்த அளவு கிடைக்கவில்லையென்றால் வெல்டிங் பட்டறையில் சட்டம் அடித்து வலை கட்டிக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் செய்தேன், ஆனால் புது ஜி.ஐ. வலையை அப்படியே மாட்டாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சைக் கொறித்தால் விஷம். வினிகர் ஊற்றி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து அப்புறம் மாட்டுங்கள். கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொய்யா, வேம்பு, முருங்கை என்று மருந்தடிக்காத கிளைகளை வெவ்வேறு தடிமனில் வையுங்கள். ஒரே தடிமனில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் புண் வரும். ஒரு பக்கமாவது சுவர் ஒட்டி இருக்கட்டும், நான்கு பக்கமும் திறந்து நடு ஹாலில் தொங்கினால் அதற்கு எந்நேரமும் பருந்து நினைப்புதான். சமையலறை வேண்டாம். அதிகம் சூடேறிய நான்ஸ்டிக் தவாவின் புகை நமக்குத் தெரியாது, பறவை சில நிமிடங்களில் செத்துவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி மூன்றும் அது இருக்கும் அறையில் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டை நடக்கும்.

கூண்டு எவ்வளவு பெரிதானாலும் பட்ஜியை தினமும் ஓரிரு மணி நேரம் அறையில் வெளியே விட வேண்டும், முடியாதென்றால் பறவையே வேண்டாம். முதலில் சீலிங் ஃபேன் ஸ்விட்சை அணைத்து அதன்மேல் ஒரு செலோடேப் ஒட்டுங்கள். சிரிக்காதீர்கள், வீட்டுக்கு வந்த விருந்தாளி வியர்க்கிறதே என்று தட்டிவிடும் ஸ்விட்ச் அதுதான், நம் ஊரில் வளர்ப்புப் பறவைக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது. கண்ணாடி ஜன்னலுக்குத் திரை, நிலைக்கண்ணாடிக்குத் துண்டு, தண்ணீர் பக்கெட்டுக்கு மூடி, கதவுக்குத் தாழ்ப்பாள். அப்புறம் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு உங்கள் வேலையைப் பாருங்கள்.

என் நீலன், நீலமான ஆண் பட்ஜிக்கு அதைவிடப் பெயர் தோன்றவில்லை, முதல் இரண்டு நாள் வெளியே வரவே இல்லை. கதவு விளிம்பில் வந்து நிற்கும், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் தரையைப் பார்க்கும், பின்னால் நகர்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்து நிற்கும். மூன்றாம் நாள் எதற்கோ பயந்து எழும்பிய வேகத்தில் வெளியே வந்துவிட்டது, வந்தது தெரியாமலே ஹாலை இரண்டு சுற்றுச் சுற்றி, எப்படி இறங்குவதென்று தெரியாமல் காலண்டர் ஆணியில் தொங்கி மூச்சு வாங்கியது. அந்த நெஞ்சுத் துடிப்பைப் பார்த்தபோது எனக்குக் குற்ற உணர்ச்சிதான் வந்தது: நாலு மாதமாகப் பறக்கவே விடாமல் வைத்திருந்திருக்கிறேன். திரும்பக் கூண்டுக்குள் அனுப்பத் துரத்தாதீர்கள், துண்டு போட்டுப் பிடிக்காதீர்கள். வெளியே விடும் நேரத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டால் பசியே கூட்டிப்போய்விடும்.

சாப்பாடு என்றால் எல்லாரும் தினை. அந்தக் காலத்தில் தினைப்புனத்தில் பரண் போட்டு ஆலோலம் பாடிக் கிளியை விரட்டினோம், இப்போது கிலோ கணக்கில் வாங்கிக் கொட்டுகிறோம். தினையோடு சாமை, கம்பு கலந்து கொடுங்கள். சூரியகாந்தி விதை கொழுப்பு, பட்ஜிக்கு எப்போதாவது நாலு போதும். கொத்தமல்லி, முருங்கைக் கீரை, துருவிய கேரட், முளைகட்டிய பாசிப்பயறு தினமும் கொஞ்சம். கம்பியில் ஒரு கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, கட்டிவிட்டால் கால்சியத்துக்கு ஆச்சு. அவகாடோ, சாக்லேட், காபி, உப்புப் பண்டம் கூடவே கூடாது. இன்னொன்று, புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறும் இடம்: சாயங்காலம் பார்த்தால் கிண்ணம் நிறைய தினை இருப்பது போலவே இருக்கும், அது வெறும் உமி. இவை உமியை அங்கேயே உரித்துப் போட்டுவிட்டு அரிசியை மட்டும் தின்னும். கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப்போய் லேசாக ஊதிப் பாருங்கள், அடியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும். நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் பட்டினி கிடந்து செத்த பறவைகள் உண்டு.

இரவு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும், சீரியல் ஓடும் ஹாலில் அது நடக்காது, மெல்லிய துணி போட்டு மூடுங்கள் அல்லது வேறு அறைக்கு மாற்றுங்கள். கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். வாயைத் திறந்து இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்திருந்தால் வெப்பம் தாங்கவில்லை என்று அர்த்தம். எச்சம் காய்ந்திருந்தால் விளக்குமாறு போட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசியிலிருந்து சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் நோய் மனிதருக்கும் வரும்.

இனி பானை. கடைக்காரர் கூண்டோடு ஒரு மண்பானையைச் சும்மா கொடுப்பார். வாங்காதீர்கள், அல்லது வாங்கிச் செடி வையுங்கள். பானை இருந்தால் பட்ஜி முட்டையிடும், நாலு ஆறு என்று இடும், பதினெட்டு நாளில் பொரிக்கும், குஞ்சு வெளியே வருவதற்குள் அடுத்த முட்டை தயாராகும். எனக்கு இது தெரியாது, குஞ்சு பார்க்கும் ஆசையில் மூன்று ஈடு விட்டேன். நாலாவது ஈட்டில் மஞ்சள் பெட்டை கூண்டுத் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடியது, முட்டை சிக்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். காலையில் இல்லை. இந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காதீர்கள், சூடாக வைத்து உடனே பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் பறவை வாங்குவதற்கு முன்பே யார் பார்ப்பார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், நிறைய மருத்துவர்கள் ஆடு மாட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும், கண்ணுக்குத் தெரியும்போது பாதி முடிந்திருக்கும். அதனால் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போடுங்கள். நீலன் 34 கிராம். மூன்று கிராம் குறைந்தாலே அது நமக்கு ஐந்தாறு கிலோ இளைத்த மாதிரி.

ஒன்று செத்தால் மிஞ்சுவதை என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூட்டமாக வாழும் பறவை, தனியே விட்டால் கண்ணாடியோடு பேசிக்கொண்டு சொந்த இறகைப் பிடுங்க ஆரம்பிக்கும். அதற்காகக் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கினால், இருப்பதில் வயதானது செத்ததும் மறுபடி கடை, இப்படியே முடிவில்லாமல் போகும். நான் வெளியூர் மாற்றலாகிப் போகும் ஒரு குடும்பத்திடமிருந்து நாலு வயது ஆண் பட்ஜி ஒன்றை வாங்கிக்கொண்டேன். இரண்டு ஆண்கள் ஒத்துப்போகும், முட்டைப் பிரச்சினையும் இல்லை. நோய் ஏதாவது இருந்தால் ஒட்டாமல் இருக்க முப்பது நாள் வேறு அறையில் தனியாக வைக்க வேண்டும், தண்ணீர்க் கிண்ணம்கூடத் தனி. ஐந்தாம் நாளிலிருந்தே இரண்டும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கத்திக் கூப்பிட ஆரம்பித்துவிட்டன, எனக்கே மனசு கேட்கவில்லை, ஆனாலும் முப்பது நாளை எண்ணித்தான் கூண்டுகளைப் பக்கத்தில் வைத்தேன்.